முகமில்லாத தெய்வத்துக்குக் கொம்பு முளைத்த வரலாறு

1446-இல் கொரிய அரசர் செஜோங்கின் பட்டத்தரசி சோஹொன் காலமானார். ஹங்குல் என்ற புதிய எழுத்தை அரசர் நாட்டுக்கு அறிவித்ததும் அதே ஆண்டில்தான். இறந்த அரசியின் நற்கதிக்காக, புத்தரின் வாழ்வைச் சீனச் சூத்திரங்களிலிருந்து திரட்டி அந்தப் புது எழுத்தில் எழுதும் பணி மகன் சூயாங்கிடம் ஒப்படைக்கப்பட்டது. 1447-இல் உருவான அந்த நூலின் பெயர் 'சொக்போ சாங்ஜொல்'. மருத்துவ புத்தரைப் பற்றிய பகுதியில் அகால மரணங்களை அடுக்கிச் சொல்லும் ஓர் இடம் உண்டு. ஆயுள் நீளும், நலம் பெருகும் என்று நம்பிக் கண்ட ஆவிகளையும் அழைத்து வேண்டி, கடைசியில் ஒன்றும் கிடைக்காமல் மடிகிறவர்கள் அந்த வரிசையில் வருகிறார்கள். அங்கே சீன மூலம் 'வாங்லியாங்' என்று சொல்லும் காட்டு ஆவிகளுக்குக் கொரியத்தில் 'தொத்கபி' என்று எழுதினார்கள். இன்று 'தொக்கேபி' என்று வழங்கும் சொல் கொரிய எழுத்தில் முதன்முதலாகத் தலைகாட்டும் இடம் இதுவே.

கண்டிக்க வந்த வாக்கியம்தான் நமக்குச் சாட்சி சொல்கிறது. பௌத்த நூலை எழுதியவர்களுக்கு அது வீண் நம்பிக்கை. ஆனால் சூத்திரத்தின் அரூபமான ஆவிக்கு ஈடாக வாசகருக்கு உடனே விளங்கும் உள்ளூர்ப் பெயர் ஒன்றைத் தேடியபோது, ஆயுளும் செல்வமும் கேட்டு வேண்டத்தக்கதாக அவர்கள் கைக்குக் கிடைத்தது தொத்கபி. இன்றைய கொரியச் சிறுவர் நூல்களில் பலமுறை அச்சேறிய தொக்கேபியோ வேறு ஆள்: தலையில் கொம்பு, இடுப்பில் புலித்தோல், கையில் முள் பதித்த தடி, முகத்தில் அசட்டுச் சிரிப்பு. வரம் கேட்கப்பட்ட ஒன்று ஏமாளியாகி, பிறகு பூச்சாண்டியானது எப்படி? இந்தக் கேள்வியில் ஆய்வாளர்கள் அதிகம் மோதிக்கொண்டது கொம்பைப் பற்றி. கொம்புக்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அதற்கு முகம் எப்போது வந்தது?

மொழிபெயர்ப்புச் சிக்கல் நமக்கும் உண்டு. தமிழில் ஒரு சொல் தேடினால் எதுவும் பொருந்தி உட்காரவில்லை. பேய் என்றால் செத்தவரின் ஆவி. யாரும் செத்துத் தொக்கேபி பிறப்பதில்லை. பூதம் என்றால் உருவம் பெருத்துவிடுகிறது. குறளியும் குட்டிச்சாத்தானும் மந்திரவாதியின் ஏவலுக்குக் கட்டுப்பட்டவை. தொக்கேபி தன் இஷ்டத்துக்கு வரும், போகும். ஆகவே கொரியச் சொல்லையே வைத்துக்கொள்கிறேன்.

இரவில் பாலம் கட்டியவர்கள்

எழுத்தில் பெயர் வருமுன்பே அந்த உயிரினம் இருந்ததா என்று தேடுகிறவர்கள் முதலில் போய் நிற்கும் நூல் 'சம்குக் யூசா'. இல்யோன் என்ற பௌத்தத் துறவி 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொகுத்தது. பழைய கொரிய நாடான சில்லாவின் 25-ஆம் அரசர் ஜின்ஜி 576 முதல் 579 வரை ஆண்டு, அரியணையிலிருந்து இறக்கப்பட்டு மாண்டவர். செத்த பிறகு அவர் ஆவியாக வந்து தோஹ்வா என்ற பெண்ணோடு வாழ்ந்ததாகவும், பிறந்த பிள்ளைதான் பிஹியோங் என்றும் நூல் சொல்கிறது. அடுத்த அரசர் ஜின்பியோங் பிள்ளையை அரண்மனையில் வளர்த்து, 15 வயதில் பதவியும் கொடுக்கிறார். பையனோ இரவானால் கோட்டைச் சுவரைத் தாண்டி ஆற்றங்கரைக்குப் போய்விடுகிறான். பின்தொடர்ந்து வேவு பார்க்க 50 வீரர்கள் அனுப்பப்படுகிறார்கள். ஆவிக் கூட்டத்தோடு விளையாடிவிட்டு, கோயில் மணி ஒலித்து விடியும் வேளையில் அவன் வீடு திரும்புவதை அவர்கள் பார்க்கிறார்கள்.

அரசர் பயப்படவில்லை, வேலை வாங்குகிறார். "அவர்களைக் கொண்டு ஓடையில் ஒரு பாலம் கட்டு" என்கிறார். ஒரே இரவில் கல்லில் பாலம் எழும்புகிறது. அதற்கு ஆவிப் பாலம் என்றே பெயர். பிறகு அந்தக் கூட்டத்தில் ஆட்சிக்கு உதவக்கூடிய ஒருவனைக் கேட்கிறார். கில்தால் என்பவன் வருகிறான். அவனுக்கு உத்தியோகமும் பிள்ளையில்லாத ஓர் அமைச்சரின் வீட்டில் மகன் உரிமையும் கிடைக்கின்றன. ஹுங்ன்யுன் கோயிலுக்கு அவன் ஒரு வாயில் கட்டித் தருகிறான். ஒருநாள் நரியாக மாறி ஓடுகிறான். பிஹியோங் தன் கூட்டத்தை அனுப்பிப் பிடித்துக் கொல்கிறான். அதற்குப் பின் பிஹியோங்கின் பெயர் கேட்டாலே ஆவிகள் ஓடின என்றும், அவனைப் பற்றிய செய்யுளை மக்கள் வீட்டில் ஒட்டி வைத்தார்கள் என்றும் கதை முடிகிறது.

மூலத்தில் இருப்பது ஆவி என்ற பொதுவான சீன எழுத்துதான். தொக்கேபி என்ற பெயர் இல்லை. சீன எழுத்திலேயே எழுதிய நூலில் அதை எதிர்பார்க்கவும் முடியாது. இதையே தொக்கேபியின் பூர்வீகம் என்று அடித்துச் சொல்பவர்களோடு எனக்கு முழு உடன்பாடில்லை. ஆனால் கூட்டமாக வருவது, இரவோடு மறைவது, ஊருக்கு வெளியே நீர்க்கரையில் கூடுவது, அசாத்தியமான கைவேலையை ஒரே இரவில் முடிப்பது ஆகிய நான்கும் பிற்கால நாட்டார் கதைகளில் பிசகாமல் திரும்பி வருகின்றன. கூடவே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஐம்பது பேர் ஒளிந்திருந்து பார்த்தும், அந்தக் கூட்டம் எப்படி இருந்தது என்று நூல் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அதைவிடப் பழைய பதிவு சீனத்தில் கிடைக்கிறது. 9-ஆம் நூற்றாண்டில் தாங் ஆட்சிக்கால எழுத்தாளர் துவான் செங்ஷி தொகுத்த 'யூயாங் ட்சாட்சூ'வின் தொடர்ச்சியில் சில்லாக் கதை ஒன்று இருக்கிறது. ஏழை அண்ணன் பாங்கி, பணக்காரத் தம்பி. அண்ணன் விதை கேட்க, தம்பி அவித்த விதையைக் கொடுத்து ஏமாற்றுகிறான். ஒரே ஒரு கதிர் முளைக்கிறது. அதையும் ஒரு பறவை கொத்திக்கொண்டு பறக்கிறது. துரத்திப்போன பாங்கி மலையில் இரவைக் கழிக்கும்போது, சிவப்பு உடை அணிந்த சிறுவர்கள் பொன்னாலான கருவி ஒன்றைத் தட்டி, கேட்டதெல்லாம் வரவழைத்து விருந்துண்பதைப் பார்க்கிறான். அவர்கள் விட்டுப்போனதை எடுத்து வந்து செல்வனாகிறான். அதையே செய்யப்போன தம்பி பிடிபட்டு, மூக்கை யானைத் துதிக்கை நீளத்துக்கு இழுத்துவிட்ட நிலையில் வீடு வருகிறான். யானை வாழாத கொரியாவைப் பற்றிய கதையில் துதிக்கை நுழைந்தது எழுதியவரின் சீனத்துப் புத்தி என்று வைத்துக்கொள்வோம். தட்டினால் பொருள் கொட்டும் கருவிதான் முக்கியம். பிற்காலத் தொக்கேபியின் கையில் இருக்கும் மாயத் தடி இதன் வழித்தோன்றல் என்பதைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். இன்னொரு சுவையான ஒற்றுமையும் உண்டு: பாங்கியை கிம் என்ற குடியின் மூதாதை என்கிறார் துவான். தொக்கேபிக்கும் கிம் என்ற பெயருக்கும் உள்ள உறவு இனிமேல் வரும்.

விடிந்தால் துடைப்பம்

ஜோசன் ஆட்சி 1392 முதல் 1910 வரை நீடித்தது. நவ கன்பூசியக் கோட்பாட்டைக் கைக்கொண்ட அந்த அரசு, பூசாரிச் சடங்குகளையும் கிராம வழிபாடுகளில் பலவற்றையும் முறைகேடான வழிபாடு என்று ஒதுக்கியது. படித்தவர்கள் தொக்கேபியைச் சீன எழுத்தில் குறிக்க நேர்ந்தபோது, ஒலியில் சற்று நெருங்கிவரும் 'தொக்கக்க்வி', அதாவது ஒற்றைக்கால் ஆவி என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். ஒலிக்காக எடுத்த சொல்லின் பொருளும் ஒட்டிக்கொண்டதோ என்னவோ, ஒரு கால் இல்லாத தொக்கேபியும் கதைகளில் உலவுகிறது. சொல்லின் வேரைப் பற்றி அனுமானங்கள் பல. 'அபி' என்ற பின்பாதி தந்தை, வளர்ந்த ஆண் என்ற பொருளுடையது என்பதில் ஓரளவு இணக்கம் காண்கிறோம். முன்பாதியை நெருப்பு என்றும், விதை என்றும், உரல் என்றும் பிரிப்பார்கள். நெருப்பு என்று கொள்வோருக்கு ஆதாரம் 'தொக்கேபி புல்', நம்மூரில் கொள்ளிவாய்ப் பிசாசு என்று சொல்லும் அந்த அலையும் ஒளி.

கிராமத்துத் தொக்கேபியை அறிய நூல்களைவிட வாய்மொழிதான் கைகொடுக்கும். கொரியவியல் கழகம் 1979-இல் தொடங்கிய களப்பணியில் நாடெங்கும் பதிவுசெய்து 82 தொகுதிகளாக வெளியிட்ட வாய்மொழி இலக்கியத் திரட்டில் தொக்கேபிக் கதைகள் ஏராளம். அதிகம் கேட்கக்கூடியது மல்யுத்தக் கதை. சந்தைக்குப் போய்க் குடித்துவிட்டு இருட்டில் மலைப்பாதையில் திரும்பும் ஒருவனை, வாட்டசாட்டமான ஆள் ஒருவன் வழிமறித்து, "ஒரு பிடி சிரும் போட்டுப் பார்ப்போமா?" என்கிறான். சிரும் என்பது இடுப்புத் துணியைப் பற்றிக்கொண்டு செய்யும் கொரிய மல்யுத்தம். இரவெல்லாம் கட்டிப்புரண்டு, ஒருவழியாக அவனை வீழ்த்தி, இடைக்கச்சையால் மரத்தில் கட்டிவிட்டு வருகிறான் குடிகாரன். காலையில் போய்ப் பார்த்தால் மரத்தில் கட்டியிருப்பது ஒரு பழைய துடைப்பம். சில ஊர்களில் உலக்கை.

துடைப்பம் ஏன் தொக்கேபியாகிறது என்று கேட்டால் ஊர்ப் பெண்கள் சொல்லும் காரணம் ஒன்றுண்டு: மாதவிலக்கு இரத்தம் பட்ட துடைப்பத்தை எரிக்காமல் எறிந்தால் அது எழுந்து நடமாடும். மனிதர் கை பட்டுத் தேய்ந்த வீட்டுச் சாமான், மனித உதிரம் பட்டு உயிர்பெறுகிறது. மரணம் இந்தக் கணக்கில் வரவே இல்லை. ஆவியிலிருந்து தொக்கேபியைப் பிரிக்கும் கோடு இங்கே தெளிவாக விழுகிறது.

முன்பின் தெரியாத யாரையும் தொக்கேபி 'கிம் சொபாங்' என்று கூப்பிடும். மக்களும் அதை அப்படியே கூப்பிடுவார்கள். சொபாங் என்பது பதவியோ பட்டமோ இல்லாத மணமான ஆணைக் குறிக்கும் சாதாரண விளி. மாப்பிள்ளையையும் அப்படி அழைப்பதுண்டு. கிம் நாட்டிலேயே அதிகம் பேருக்குள்ள குடிப்பெயர். அதற்குப் பிடித்த தீனி மேமில்முக். மேமில் என்பது வடஇந்தியாவில் விரத நாளில் குட்டு என்ற பெயரில் உண்ணும் தானியம். கொரிய மலைகளில் வேறெதுவும் விளையாத மேட்டுநிலத்தில் சீக்கிரமே காய்த்து ஏழையைக் காப்பாற்றுவது. அந்த மாவைக் கிண்டி, களிபோல உறையவைத்துத் துண்டுபோட்டால் முக். கூடவே மக்கொல்லி, கலங்கிய அரிசிக் கள். அரிசிச் சோறும் இறைச்சியும் கேட்கிற தெய்வம் இல்லை இது.

ஏமாளிக் கதைகளுக்கு வருவோம். ஒருவனிடம் சில காசுகள் கடன் வாங்கிய தொக்கேபி, மறுநாள் இரவு கொண்டுவந்து கொடுக்கிறது. கொடுத்ததை மறந்து அடுத்த நாளும் கொடுக்கிறது. அப்படியே நாள்தோறும். இன்னொன்றில் ஒரு விதவையோடு உறவாடி, பணமாகக் கொண்டுவந்து குவிக்கிறது. அவள் அந்தப் பணத்தில் நிலம் வாங்கிப் போடுகிறாள். பிறகு, "உனக்கு எதைக் கண்டால் பயம்?" என்று நைச்சியமாகக் கேட்கிறாள். "குதிரை இரத்தம்" என்கிறது அது. மறுநாள் வீட்டைச் சுற்றிக் குதிரை இரத்தம் தெளிக்கப்பட்டிருக்கிறது. வஞ்சம் தீர்க்க வந்த தொக்கேபி வயலெங்கும் கல்லைக் கொட்டுகிறது. "நல்லவேளை, கல்லோடு விட்டது, சாணியைக் கொட்டியிருந்தால் என் பிழைப்பு என்னாவது!" என்று அவள் சத்தமாகச் சொல்ல, இரவோடிரவாகக் கல்லை எல்லாம் பொறுக்கிவிட்டு வயல் நிறையச் சாணியைக் கொட்டிப் போகிறது. வேறு சில ஊர்களில் நிலத்தின் நான்கு மூலையிலும் முளையடித்து, கயிறு கட்டி, நிலத்தையே தூக்கிக்கொண்டு போகப் பார்க்கிறது. கொடுத்த காசு நிலமாகிவிட்டால் அதைப் பறிக்க முடியாது என்பது அதற்கு விளங்கவில்லை. கதையைக் கேட்கும் குத்தகை விவசாயிக்கு நன்றாக விளங்கும்.

சிரிப்பை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், இந்தக் கதைகளிலெல்லாம் தொக்கேபி செல்வம் தருவதை நிறுத்தவே இல்லை. 1447-இன் வாக்கியத்தில் இருந்த தொழில் அப்படியே இருக்கிறது. கும்பிடு மட்டும் காணாமல் போயிருக்கிறது. கும்பிடாமல் பெறுவதற்கு ஒரே வழி ஏமாற்றுவது. அதனால்தான் கொடுப்பவன் அசடாக்கப்பட்டான் என்பது என் வாசிப்பு.

கடல் ஓரத்தில் மட்டும்

கும்பிடு எல்லா இடத்திலும் மறைந்துவிடவில்லை. மேற்கு, தெற்குக் கடற்கரைகளிலும் தீவுகளிலும், ஓதம் ஏறி இறங்கும் சேற்றுக்கரையில் கழிகளை நட்டு மீனை அடைத்துப் பிடிக்கிறவர்கள் தொக்கேபிக்குப் படையல் வைத்து வந்தார்கள். மேமில்முக் கட்டாயம். அழைக்கும் பெயர்களில் கிம் சொபாங் உண்டு. 'சம்போங்' என்பதும் உண்டு. அது ஜோசன் அரசு உத்தியோகத்தின் கடைசிப் படியில் இருந்த ஒரு பதவி. ஆழ்கடலுக்குக் கப்பலில் போய் ஜோகி மீன் பிடித்தவர்கள், இம் கியோங்-ஒப் என்ற 17-ஆம் நூற்றாண்டுத் தளபதியைத் தெய்வமாக்கிக் கும்பிட்டார்கள். கரையோரத்துச் சிறு மீனவருக்குத் தளபதி எட்டாத உயரம். மீன் தானாக வந்து மாட்டினால் உண்டு, இல்லையென்றால் இல்லை என்று காத்திருக்கும் தொழிலுக்கு, வாரிக்கொடுத்தாலும் கொடுக்கும், கவிழ்த்தாலும் கவிழ்க்கும் ஒரு கடைநிலை உத்தியோகஸ்தன்தான் பொருத்தம். புத்தாண்டை ஒட்டிய இரவில் குன்றேறி நின்று, கடலில் தொக்கேபி ஒளி எங்கே கூடுகிறது என்று பார்த்து, அந்த ஆண்டு அடைப்பை எங்கே நடுவது என்று தீர்மானித்த வழக்கமும் இருந்தது.

உள்நாட்டிலும் சில தீவுகளிலும் இதன் மறுபக்கம். அங்கே தொக்கேபி கொள்ளைநோயைக் கொண்டுவருவது. தென்மேற்கே ஜிண்டோ தீவில் அதை விரட்டும் சடங்கு முழுக்கப் பெண்களுடையது. மாதவிலக்குக் கறை படிந்த உள்ளாடையைக் கழியில் தூக்கிக்கொண்டு, பானை மூடியையும் பித்தளைத் தட்டையும் அடித்து ஊரைச் சுற்றுவார்கள். ஆண்களுக்கு அங்கே இடமில்லை. துடைப்பத்துக்கு உயிர் கொடுத்த அதே உதிரம் இங்கே ஓட்டவும் செய்கிறது. தீட்டு என்று ஒதுக்கப்பட்டதை ஊர்வலமாகத் தூக்கிச் சென்ற அந்தப் பெண்களைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்.

பாடநூலில் ஒரு படம்

1910-இல் ஜப்பான் கொரியாவை இணைத்துக்கொண்டது. அதே ஆண்டில் தகாஹாஷி தோரு ஜப்பானிய மொழியில் வெளியிட்ட கொரியக் கதைத் தொகுப்பில் கழலைக் கிழவன் கதை இடம்பெற்றது. கன்னத்தில் கழலை தொங்கும் கிழவன் ஆளில்லாத வீட்டில் இரவு தங்கிப் பாடுகிறான். தொக்கேபிகள் மயங்கி, "இந்தக் குரல் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்க, "கழலையிலிருந்து" என்கிறான். பொன்னும் பொருளும் கொடுத்துக் கழலையை எடுத்துக்கொள்கின்றன. அடுத்து ஆசைப்பட்டுப் போன கிழவனுக்கு அந்தக் கழலையும் சேர்ந்து ஒட்டுகிறது. 13-ஆம் நூற்றாண்டு ஜப்பானியத் தொகுப்பான 'உஜி ஷூய் மொனொகதாரி'யில் இதன் உடன்பிறப்பு உண்டு. அதில் கிழவன் பாடவில்லை, ஆடுகிறான்; அங்கே வருபவை ஓனி என்ற ஜப்பானியப் பேய்கள். மறுபடி வரவேண்டும் என்பதற்காக அவை கழலையை ஈடாகப் பிடுங்கிக்கொள்கின்றன. பொன் கொடுத்து வாங்கும் பேரம் அங்கே இல்லை.

காலனி அரசின் பள்ளிப் பாடநூல்கள் இந்தக் கதையை ஏற்றுக்கொண்டன. இரு நாட்டுக்கும் பொதுவான கதை என்பது, இரண்டும் ஒரே வேர் என்ற அன்றைய அரசியல் பிரசாரத்துக்கு வசதியாக இருந்தது. பாடநூல் என்றால் படம் வேண்டும். வரைபவர் கைக்கு ஆயத்தமாக இருந்தது ஓனி: தலையில் எருதின் கொம்பு, அரையில் புலித்தோல், கையில் இரும்பு முள் தடி. எருதுக்கும் புலிக்கும் இடைப்பட்ட வடகிழக்குத் திசையே பேய்கள் நுழையும் வாசல் என்ற ஜப்பானிய சோதிட நம்பிக்கையிலிருந்து அந்தக் கோலம் வந்ததாக விளக்குவார்கள். கொரியக் கதைகளில் வெறும் மரத்தடியாக இருந்த தொக்கேபியின் மாயக் கருவிக்கு முள் முளைத்தது இந்த வழியில்தான். 1945-இல் ஆட்சி போயிற்று, படம் போகவில்லை. அதே பாடநூலில் படித்து வளர்ந்தவர்களே விடுதலைக்குப் பிறகு சிறுவர் நூல்களுக்கும் வரைந்தார்கள்.

இதை நெடுங்காலம் சுட்டிக்காட்டி வந்தவர்களில் முக்கியமானவர் நாட்டாரியல் அறிஞர் கிம் ஜோங்-தே. கழலைக் கதையே ஜப்பானிலிருந்து வந்தது என்பது அவர் தரப்பு. இதில் நான் தயங்குகிறேன். இந்தக் கதையின் உறவுகள் ஐரோப்பாவிலும் உண்டு. அங்கே கழலைக்குப் பதில் முதுகுக் கூன். இவ்வளவு பரவிய கதைக்கு ஒரே பிறந்தகம் காட்டுவது கடினம். கதையின் பூர்வீகம் வழக்கில் கிடந்தாலும், படத்தின் பூர்வீகத்தில் எனக்குச் சந்தேகமில்லை.

எதிர்த்தரப்பு காட்டும் சான்று ஓடு. கியோங்ஜுவில் 1975, 76-இல் தோண்டப்பட்ட அரண்மனைக் குளத்தில் கிடைத்த சில்லாக் கூரை ஓடுகளில், பிதுங்கிய கண்ணும் கோரைப்பல்லும் கொம்பும் கொண்ட முகங்கள் இருக்கின்றன. 1937-இல் பூயோவில் கிடைத்த பெக்ஜே நாட்டுத் தரையோடுகளிலும் அப்படி ஓர் உருவம் நிற்கிறது. கொம்பு ஆதியிலேயே இருந்தது பாருங்கள் என்கிறார்கள். கலை வரலாற்று அறிஞர் காங் ஊ-பாங்கோ அந்த ஓட்டு முகங்கள் டிராகன்கள் என்று வாதிட்டார். டிராகனோ வேறொன்றோ, அரண்மனைக்கும் கோயிலுக்கும் காவலாகச் சுடப்பட்ட முகம் அது. மேமில்முக்குக்கு ஆசைப்பட்டு மலைப்பாதையில் நிற்கும் கிம் சொபாங்கோடு அதை இணைக்கும் பழைய எழுத்து எதையும் இந்த விவாதத்தில் யாரும் முன்வைத்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் 2002 உலகக் கோப்பைக் கால்பந்தில் கொரிய ரசிகர்கள் ஏந்திய சிவப்புக் கொடியில் இருந்தது அந்த ஓட்டு முகத்தின் சாயல்தான்.

ஆக, ஜப்பானியக் கொம்பைக் கழற்றிவிட்டுச் சில்லாக் கொம்பை மாட்டுவதில் என்ன கிடைக்கிறது? வாய்மொழித் தொக்கேபி பெரும்பாலும் இருட்டில் எதிர்ப்படும் உயரமான ஆள்; உடம்பின் பிடியும் வாடையும் குரலும் சொல்லப்படும், முகம் சொல்லப்படாது. துடைப்பத்துக்கு ஏது முகம்? அச்சுக்கு வந்த அன்றுதான் அது தேவைப்பட்டது.

அண்மைக்கால உருவம் இதை வேறு வகையில் உறுதிசெய்கிறது. கிம் உன்-சுக் எழுதி, 2016 டிசம்பர் முதல் 2017 ஜனவரி வரை டிவிஎன் அலைவரிசையில் 16 பகுதிகளாக வந்த 'தொக்கேபி' தொடரில், நெஞ்சில் வாள் பாய்ந்த, ஜோசனுக்கு முந்தைய கோரியோ காலத் தளபதியாக கோங் யூ நடித்தார். கொம்பில்லை, புலித்தோலில்லை, நீண்ட மேலங்கி அணிந்த அழகன். பாத்திரத்தின் பெயர் கிம் ஷின். கடற்கரையில் அவன் நாயகிக்கு நீட்டுவது மேமில் பூங்கொத்து. குடிப்பெயரும் தானியமும் எந்தப் பாடநூல் படத்திலும் இருந்ததில்லை. வாய்வழியாகவே வந்து சேர்ந்திருக்கின்றன.

தொக்கேபிக்கு மக்களே முகம் செய்து கொடுத்த இடம் ஒன்று எனக்குத் தெரியும்: ஜேஜு தீவு. அங்கே அதன் பெயர் யொங்கம், 'பெரியவர்'. சியோலில் ஹொ என்ற மந்திரிக்குப் பிறந்த ஏழு சகோதரர்கள் நாட்டின் மலைகளைப் பங்கிட்டுக்கொள்ள, கடைக்குட்டி ஹல்லா மலைக்கு வந்ததாக அவர்களுடைய பிறப்புப் பாடல் சொல்லும். கடைக்குட்டி ஒரு பெண்ணின்மேல் ஆசைப்பட்டுப் பற்றிக்கொண்டால் அவள் படுத்துவிடுவாள். யொங்கம் நோரி என்ற சடங்கில் பூசாரி மற்ற அண்ணன்மாரை அழைப்பார். காகிதத்தில் கண்ணுக்கும் வாய்க்கும் துளையிட்ட முகமூடியும் கந்தல் தொப்பியும் அணிந்து, கையில் பந்தத்தோடு அவர்கள் தள்ளாடியபடி வருவார்கள். சோளப் பணியாரமும் பன்றி இறைச்சியும் சாராயமும் பரிமாறப்படும். தம்பியைக் கண்டுபிடித்து, "வீட்டுக்கு வாடா" என்று கூட்டிக்கொள்வார்கள். மிச்சத் தீனியை வைக்கோல் படகில் ஏற்றிக் கடலில் தள்ளிவிட்டதும், ஆடியவர்கள் காகித முகங்களைக் கழற்றுவார்கள்.